கல்தொட்டிக்கு ரெண்டு செட்டு

ஒரு புஸ்தகத்தைப் படித்துவிட்டு நான் ஒரு மனிதனின் தாடையை உடைத்திருக்கிறேன். அதே புஸ்தகத்தால் இன்னொருவனுக்குக் கன்னம் காதுவரைக்கும் கிழிந்தது, வேறொருவனுக்குக் கால் எலும்பு போயிற்று. எதையும் என் கையால் செய்யவில்லை. ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்கவே பிறத்தியாரைக் கூப்பிடுகிற கை அது. நான் செய்ததெல்லாம் ஏற்பாடுதான். கோட்டையில் ஓர் இலாகாவில் உட்கார்ந்து ஏற்பாடு செய்தே சம்பளம் வாங்கிவந்தவன் நான். ஏற்பாட்டால் ரத்தம் வரும் என்பதைக் காகிதத்தில் பார்த்ததில்லை.

என் இடது புருவத்துக்கு மேல் ஒரு வெட்டு இருக்கிறது. ஆபீசில் கேட்டவர்களிடம் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன். எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது என்று தெரிந்தவர்கள் மரியாதைக்காக மேற்கொண்டு கேட்கவில்லை. விழுந்தது நான் அல்ல, ஒரு கள்ளு மொந்தை. அதையும் நானேதான் வரவழைத்திருந்தேன்.

மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்த நாங்கள், ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த மாம்பலத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்ட ஆரம்பித்து, முதல் அறைக்குக் கூரை போட்டதும் அதிலேயே குடிவந்துவிட்ட சமயம். மழைக்காலத்தில் ஏரிக்குத் தன் பழைய இடம் ஞாபகம் வந்துவிடும். எங்கள் தெரு தெருவாக இருந்தது நகர அமைப்புப் படத்தில் மட்டும். கண்ணுக்குத் தெரிந்தது கறுப்புக் களிமண்ணும், அங்கங்கே நட்ட எல்லைக் கல்லும்தான்.

அடையாற்றங்கரையில் ஒரு பழைய தோட்ட பங்களாவை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரே கல்லில் குடைந்த தொட்டி ஒன்று கிடந்தது. ஒரு குதிரை உள்ளே இறங்கி சாவகாசமாகக் குளிக்கலாம், அவ்வளவு பெரிசு. என் சம்சாரம் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு தண்ணீர்க்குழாய். நான் வாங்கியது அந்தத் தொட்டி. கிணற்றடியில் போட்டால் தலைமுறை தலைமுறையாக இருக்கும் என்றேன். "அதை நகத்த ஆளில்லாததுனாலே இருக்கும்" என்றாள்.

வண்டிக்காரப் பாய் அதைப் பாரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெரிய ரஸ்தா முடிந்து எங்கள் தெரு பிரிகிற மூலையில் மாட்டை நிறுத்தினார். இறங்கி, களிமண்ணில் குதிகாலை ஊன்றிப் பார்த்தார். கால் கணுக்கால்வரை போயிற்று.

"இதுக்கு மேலே வண்டி வராது அய்யரே. வண்டி போனாப் பரவால்ல, மாடு போயிடும்."

தொட்டியை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். வீடு கூப்பிடு தூரம். நான் கூப்பிட்டால் சம்சாரத்துக்குக் கேட்கும், தொட்டிக்குத்தான் கேட்காது.

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது எகிப்து தேசத்துப் பிரமிடுகளைப் பற்றிய புஸ்தகம். எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் பிரமிடு என்றால் லட்சக்கணக்கில் அடிமைகள், முதுகெல்லாம் சவுக்கடி. இந்தப் புஸ்தகக்காரர் அதெல்லாம் கட்டுக்கதை என்கிறார். வேலை செய்தவர்கள் குடியானவர்கள். நைல் நதி பெருகி வயலெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கிற மாதங்களில் ராஜா அவர்களைக் கூப்பிட்டுக்கொள்வார். ரொட்டி, வெங்காயம், பார்லியில் வடித்த ஒருவகைக் கள், எல்லாம் அரண்மனைக் கணக்கில். ஆட்களைப் பெரிய செட்டாகப் பிரித்து, அதைச் சின்னச் செட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்து, பேரைக் காவியால் கல்லின்மேல் எழுதினார்களாம். 'ராஜாவின் தோழர்கள்' என்று ஒரு செட்டு. 'ராஜாவின் குடிகாரர்கள்' என்று இன்னொரு செட்டு. அந்தச் செட்டு முந்தியா இந்தச் செட்டு முந்தியா என்கிற போட்டியில் மலை எழும்பிவிட்டது.

எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. செட்டு, உட்செட்டு, அதற்கு ஒரு தலைவன், எல்லாவற்றுக்கும் மேலே முழங்காலில் ஏட்டை வைத்துக்கொண்டு எழுதுகிற ஒருவன். இது கோட்டை அல்லவா? பிரமிடைக் கட்டினது கொத்தன் அல்ல, குமாஸ்தா என்று எனக்குப் பட்டது. நாலாயிரம் வருஷம் கழித்து ஒரு குமாஸ்தாவுக்கு இதைவிட ஆறுதல் என்ன வேண்டும்.

புஸ்தகத்தில் ஒரு படமும் இருந்தது. பிரம்மாண்டமான சிலை, அடியில் சக்கரமில்லாத மரச்சட்டம், முன்னால் வரிசை வரிசையாக வடம் பிடித்த ஆட்கள். சட்டத்தின் முனையில் நின்றுகொண்டு ஒருத்தன் மணலில் தண்ணீர் ஊற்றுகிறான், வழுக்கிக்கொண்டு போவதற்காக. சிலையின் முழங்கால்மேல் ஒருத்தன் நின்று கைதட்டித் தாளம் கொடுக்கிறான். ஓரமெல்லாம் தடியோடு சில பேர். தடிக்காரர்களைச் சித்திரக்காரன் அழகுக்குப் போட்டதாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மேஸ்திரி சைதாப்பேட்டைப் பக்கம் ஆற்றோரக் குடிசையில் இருந்து வருகிறவன். நடுவயசு, கழுத்து நரம்பெல்லாம் கயிறாகத் தெரியும். அவனுடைய ஆட்கள் பாரம் இழுக்கிற முறை ஒன்றுதான். மேஸ்திரி பாரத்தின்மேல் ஏறி நிற்பான். அவன் ஒரு அடி பாடுவான், ஆட்கள் 'ஐலசா' என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே இழுப்பார்கள். மூச்சு ஒன்றாக வந்தால் இழுப்பு ஒன்றாக வரும். அவன் நிற்கிற இடத்தில் வேறொருவன் கால் வைக்கக்கூடாது, அவன் வாய் திறந்திருக்கையில் வேறொருவன் அடி எடுக்கக்கூடாது. யார் வாய்க்கு ஆள் இழுக்கிறதோ அவன்தான் மேஸ்திரி.

அந்த வருஷம் அவனுக்கு வாய் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சில் சளியோ என்னவோ, மூன்றாவது அடியில் குரல் உடைந்து இருமல் வந்துவிடும். அவன் பெண்சாதியின் தம்பி அதே செட்டில் வடம் பிடிக்கிறவன். இளவயசு, கோயில் மணி மாதிரி குரல். ஆட்களில் பாதிப் பேர் அவன் பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். மேஸ்திரி என்னிடம் இதை ஒளிக்கவில்லை.

"சாமி, இந்தத் தொட்டி என் வாயால வந்து சேந்துட்டா இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிடுவேன். நடுத்தெருவுல நின்னுச்சுன்னா ஆளுங்க நாளைக்கே மச்சான்கிட்ட பூடுவானுங்கோ. அப்பறம் நான் மண்ணுக்கூடை தூக்கிக்கினு அவன் பின்னாடி நடக்கணும்."

ஈரம் காயட்டும், பலகை போட்டு உருளைக்கட்டை வைத்து நகர்த்திவிடலாம் என்றான். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, தலையையும் ஆட்டிவிட்டு, நான் அவனுக்கு எகிப்து முறையை விளக்கினேன். ஆட்கள் இரண்டு செட்டு. இரண்டு வடம். ஒரு செட்டுக்கு அவன், இன்னொன்றுக்கு மச்சான். எந்த வடம் கூடுதலாக இழுக்கிறதோ அதற்குப் பரிசு.

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பினான். "ரெண்டு வாய் இருந்தா கல்லு எந்த வாயைக் கேக்கும் சாமி?"

"போட்டி இருந்தால்தான் வேலை நடக்கும், மேஸ்திரி. அங்கே மலையே கட்டியிருக்கிறார்கள்."

"இவனோட எனக்கு ஏற்கெனவே போட்டி கீது. நீங்க வேற எதுக்கு."

மச்சானுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எகிப்து என்பதையே அவன் கேட்கவில்லை, இரண்டு செட்டு என்பதைக் கேட்டுவிட்டான். பேர் வைக்கலாம் என்று புஸ்தகத்துப் பேர் இரண்டையும் சொன்னதும் 'தோழர்' பேரை மாமாவே வைத்துக்கொள்ளட்டும், எங்களுக்குக் 'குடிகாரன் செட்டு' போதும் என்றான். அவன் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். நானே காவியைக் குழைத்துத் தொட்டியின் ஒரு பக்கம் ஒரு பேரும், மறுபக்கம் இன்னொரு பேரும் எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்கு நன்றாக வந்தது.

தச்சனிடம் பனஞ்சட்டத்தில் சறுக்குக் கட்டை ஒன்று செய்து வாங்கினேன். ரொட்டிக்குப் பதில் சோறு, கூடவே ஒரு கூடை வெங்காயம். கள்தான் சங்கடம். நான் கள்ளுக்கடைக்குப் போனால், ஜாதிக்குச் செத்தவன் என்று மயிலாப்பூர்வரைக்கும் கருமாதி சாப்பாடு போட வேண்டியிருக்கும். மச்சானை அனுப்பினேன். வேலைக்கு முன்னால் பாதி, முடிந்தபிறகு பாதி என்று உத்தரவு. போனவன் வருகிற வழியிலேயே தன் செட்டுக்கு முழுதையும் முடித்துவிட்டு, தோழர்களுக்குப் பாதி மொந்தை கொண்டுவந்தான். எகிப்திலும் கடைசியில் இப்படித்தான் நடந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அதைக் கல்லில் எழுதமாட்டார்கள்.

காலையில் தொட்டியைச் சட்டத்தில் ஏற்றிக் கட்டினார்கள். மேஸ்திரி விளிம்பில் ஏறி நின்றான். மச்சானும் எதிர் விளிம்பில் ஏறி நின்றான். ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொள்ளவில்லை. நான் சட்டத்தின் முனையில், பூச்செடிக்கு ஊற்றுகிற பூவாளியோடு, படத்தில் இருக்கிறவனைப் போலவே நின்றுகொண்டேன்.

"அய்யரு தொட்டி" என்றான் மேஸ்திரி.

"ஐலசா."

"அசையாத் தொட்டி."

"ஐலசா."

"அய்யரைப் போல."

இதற்கு இரண்டு செட்டும் சேர்ந்து ஐலசா போட்டது. தொட்டி நகர்ந்தது. நிஜமாகவே நகர்ந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு யாராவது ஒரு பாலைவனத்தைக் கொடுத்திருந்தால் அஸ்திவாரம் போட்டிருப்பேன்.

அந்த மூன்றாவது அடி முடிந்ததும் மேஸ்திரிக்கு இருமல் வந்தது. அந்த இடைவெளிக்கே காத்திருந்தவன் மாதிரி மச்சான் தன் அடியை எடுத்தான், இரட்டை வேகத்தில். அவன் செட்டு ஆவேசமாக இழுத்தது. சட்டம் இடதுபக்கம் கோணிக்கொண்டது. நான் தண்ணீரை ஊற்றினேன். பாலைவன மணலில் தண்ணீர் ஊற்றினால் மணல் இறுகும். ஏரிக் களிமண்ணில் ஊற்றினால் வேறு ஒன்று ஆகும், மாம்பலத்தில் ஒரு மழைக்காலம் இருந்த பசுமாட்டுக்குக்கூட அது தெரியும். தொட்டி விளக்கெண்ணெயில் விட்ட மாதிரி பக்கவாட்டில் வழுக்கிற்று. தோழர்கள் செட்டின் வடம் ஒரு எல்லைக் கல்லில் மாட்டி, விறைத்து, வெடித்தது.

வடம் அறுகிற சத்தத்தை முதலில் துப்பாக்கி என்றுதான் நினைத்தேன். அறுந்த முனை பின்னால் பாய்ந்து, முன்வரிசையில் இருந்தவன் முகத்தில் விழுந்தது. அவன் கையை எடுத்துப் பார்த்தபோது கன்னம் திறந்திருந்தது, உள்ளே கடைவாய்ப் பல் தெரிந்தது. களிமண்ணில் உட்கார்ந்து, வழிகிற ரத்தத்தை யாருடையதோ என்கிறமாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணும்னே இழுத்தே" என்றான் மேஸ்திரி.

மச்சான் அந்தப் பக்கத்து விளிம்பிலிருந்தே சொன்னான்: "உன் வாய் ஓஞ்சுபோச்சு மாமா. மானமா எறங்கு."

எல்லார் எதிரிலும் சொன்னான். மேஸ்திரி இறங்கினான். அறுந்த வடத்தை எடுத்தான், முனையில் முடிச்சு, களிமண்ணில் ஊறின முடிச்சு. அதைச் சுழற்றி மச்சானின் வாயில் விட்டான். மேல் உதடு இரண்டாயிற்று. மச்சான் தொட்டிக்குள்ளேயே விழுந்தான். மேஸ்திரி பின்னாலேயே குதித்தான். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, கல்லில் மண்டை மோதுகிற சத்தம் மட்டும் வெளியே வந்தது. மச்சான் எழுந்தபோது கையில், தொட்டியைச் சட்டத்தோடு கட்டின கயிற்றை முறுக்கி விளிம்போரமாகச் செருகியிருந்த முளைக்கட்டை இருந்தது. அதால் மேஸ்திரியின் முகத்தில் ஒரு போடு போட்டான். தாடை ஒருபக்கமாகப் போய் நின்றது.

அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் ஒரே சமயத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அன்றைக்கு அவர்கள் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான். மண்வெட்டிப் பிடி, இரும்புச் சட்டி, கூடை வெங்காயம், எது கைக்குக் கிடைத்ததோ அது. ஒருத்தன் இன்னொருத்தனைக் களிமண்ணில் குப்புறப் போட்டு, மூச்சுக்குத் திணறுகிறவரை பிடரியில் முழங்காலை வைத்து அழுத்தினான். இரண்டு பேரும் ஒரே குடிசை வரிசைக்காரர்கள், காலையில் ஒரே பீடியைப் பிடித்தவர்கள். வேறொருத்தன் கடப்பாரையை ஓங்கினான். யார் தலைக்கு ஓங்கினானோ அந்தத் தலை குனிந்துவிட்டது. கடப்பாரை தொட்டி விளிம்பில் இறங்கிற்று, பொறி பறந்தது, கல்லில் நரம்பு மாதிரி ஒரு விரிசல் ஓடியது.

நான் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு நடுவில் போனேன். தைரியம் அல்ல. உத்தரவு போட்டால் நின்றுவிடுவார்கள் என்று நிஜமாகவே நம்பினேன். "செட்டுவாரியாகப் பிரிந்து நில்லுங்கள்" என்றேன்.

"செட்டாம்டா, செட்டு" என்று யாரோ சொன்னான். பாதி மொந்தை பறந்துவந்து என் நெற்றியில் உடைந்தது. கண்ணில் கள், அதன்மேல் ரத்தம். நான் உட்கார்ந்துவிட்டேன், கன்னம் கிழிந்தவன் பக்கத்தில். அவன் எனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொண்டான்.

இவ்வளவுக்கும் நடுவில் தொட்டி சும்மா இருக்கவில்லை. முளை பிடுங்கினதால் கட்டுத் தளர்ந்து, நான் ஊற்றின தண்ணீரில் இடதுபக்கம் இறங்கிக்கொண்டே இருந்தது. அடியில் மச்சானுடைய கூட்டாளி ஒருத்தன் அடிபட்டு விழுந்து கிடந்தான். தொட்டி அவன் முழங்காலுக்குக் கீழே சாவதானமாக உட்கார்ந்தது. அவன் போட்ட சத்தத்தில் எல்லார் கையும் அப்படியே நின்றது.

வடத்தைப் பிடித்தார்கள். மச்சான் விளிம்பில் ஏறினான். வாய் இரண்டாகிப்போனவன், ஆனாலும் குரல் அப்படியே இருந்தது. அடி எடுத்தான். அவன் செட்டு இழுத்தது, தோழர்கள் பழக்கதோஷத்தில் ஒரு மூச்சு தள்ளி இழுத்தார்கள். தொட்டி ஒருதரம் எழும்பி, திரும்ப அதே காலில் இறங்கிற்று. எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி பாடினான். மறுபடி அதேதான். கீழே கிடந்தவன் "வேணாண்டா, விட்ருடா" என்று கெஞ்ச ஆரம்பித்தான், பிறகு அவன் அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தான்.

மேஸ்திரி ஒரு கையால் தாடையை ஏந்திப் பிடித்துக்கொண்டு வந்தான். மச்சானைப் பார்த்தான். மச்சான் இறங்கினான், இறங்காமல் என்ன செய்வான். மேஸ்திரி மேலே ஏறி நின்றான். அவனால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, வாய்நிறைய ரத்தம். மூக்கால் 'ம்' என்றான். காளை மாடு முனகுகிற மாதிரி, நீளமாக. பாட்டும் இல்லை, ஐலசாவும் இல்லை. அந்த முனகலுக்கு இரண்டு செட்டும் சேர்ந்து மூச்சு பிடித்தது. இன்னொரு 'ம்'. தொட்டி எழும்பிற்று, ஒரு முழம் போயிற்று. காலை இழுத்து எடுத்தார்கள். அது கால் மாதிரி இல்லை.

போலீஸ்காரர் எல்லாம் முடிந்தபிறகு, எப்போதும்போல, வந்தார். கூட்டத்துக்குத் தலைவன் யார் என்று கேட்டார். ஆட்கள் யோசிக்காமல் என்னைக் கைகாட்டினார்கள். அவர் என் பூணூலையும் நெற்றியையும் பூவாளியையும் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தண்ணீர் குடிக்க எங்கள் வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரர் எங்கே என்று அங்கே கேட்டதற்கு என் சம்சாரம், "ஆத்துக்காரர் உள்ளேதான் இருக்கணும், புஸ்தகம் படிச்சுண்டு இருந்தார்" என்றாளாம்.

மேஸ்திரி தன் பதவியைக் காப்பாற்றிக்கொண்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். அவன் குரலுக்குத்தானே கல் எழுந்தது, எல்லாரும் பார்த்தார்களே. ஆனால் மறுநாள் பாதிப் பேர் மச்சானோடு போய்விட்டார்கள். கால் போனவனின் அண்ணன் தம்பிகளும் அதில் சேர்த்தி. மாமன் முன்னாலேயே ஏறியிருந்தால் கால் தங்கியிருக்கும் என்பது அவர்கள் கட்சி. மிச்சம் பாதி மேஸ்திரியோடு நின்றது. ஆக நான் காகிதத்தில் பிரித்த இரண்டு செட்டும் ஸ்திரமாகவே இரண்டாகிவிட்டன. அப்புறம் சில வருஷங்களுக்கு மாம்பலத்தில் எந்த வீட்டுக்குக் கடைகால் எடுத்தாலும் அந்தச் செட்டு இந்தச் செட்டு என்று ஒரு மண்டையாவது உடையும். நான் ஏற்பாடு செய்து நிலைத்துநின்றது என் உத்தியோகத்தில் வேறெதுவும் கிடையாது.

சில வாரம் கழித்து, ஈரம் காய்ந்தபிறகு, மேஸ்திரி மிச்ச ஆட்களோடு வந்து பலகை போட்டுத் தொட்டியைக் கிணற்றடியில் சேர்த்தான். தாடையைச் சுற்றித் துணி. முனகியே இழுக்கவைத்தான். விரிசலால் தொட்டியில் ஒரு சாணுக்குமேல் தண்ணீர் நிற்பதில்லை.

வேலை முடிந்து அவன் கிணற்றடியில் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தான். மெல்லுகிற எதையும் அவனால் சாப்பிட முடியாது. எனக்கு மனசு கேட்கவில்லை. முறையில் தவறில்லை, நம் கைராசிதான் சரியில்லை என்று அவனுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. எகிப்தில் எத்தனையோ ராஜாக்கள், பரம்பரை பரம்பரையாக இதே மாதிரி இரண்டு செட்டு, பேர், போட்டி எல்லாம் வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள், ஒரு செட்டும் உடையவில்லை என்று விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கஞ்சியை வைத்துவிட்டு, துணியைத் தளர்த்திக்கொண்டு, பல்லிடுக்கு வழியாகக் கேட்டான்:

"அந்த ஊர்ல மேஸ்திரிக்கு மச்சானே கெடையாதா சாமி?"